வெள்ளைச் சட்டை எல்லோருக்கும் வேண்டுமா? அடிப்படை உடைகள் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு கறுப்பு பேன்ட், ஒரு நீல ஜீன்ஸ், சாம்பல் நிறத்தில் இரண்டு டி-ஷர்ட். அடிப்படை உடைகள் என்று யாரைக் கேட்டாலும் இந்தப் பட்டியல்தான் வரும். நானும் ஒருமுறை அதை நம்பி அப்படியே வாங்கினேன். இரண்டு வருடத்தில் அந்த வெள்ளைச் சட்டையை மூன்று தடவை போட்டிருந்தால் அதிகம். சட்டையில் ஒரு குறையும் இல்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. அப்போது எனக்கு வேண்டியிருந்தது கறை தெரியாத, இஸ்திரி கேட்காத நாலு டி-ஷர்ட்.

ஆக, பட்டியலைப் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. அதற்குப் பதில் உங்கள் அழுக்குக் கூடையை இரண்டு வாரம் கவனியுங்கள். எது திரும்பத் திரும்ப அதில் விழுகிறதோ, அதுதான் உங்களுக்கு அடிப்படை உடை. எத்தனை வேண்டும் என்பதையும் அந்தக் கூடையே சொல்லும். வாரம் ஒருமுறை துவைப்பவருக்கு ஏழு உள்ளாடை போதாது. காய்கிற நாளையும் சேர்த்துக் குறைந்தது ஒன்பது வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் துவைப்பவருக்கு ஐந்தே தாராளம்.

அடுத்தது அளவு. ஒரு கம்பெனியின் 'எம்' இன்னொரு கம்பெனியில் 'எல்' ஆக இருக்கும், அதனால் லேபிளை நம்பிப் பயனில்லை. சட்டை என்றால் முதலில் தோளைப் பாருங்கள். தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் வந்து நிற்க வேண்டும். பக்கவாட்டில் பிடிப்பது, கை நீளத்தைக் குறைப்பது, பேன்ட் ஓரத்தை மடித்து அடிப்பது எல்லாம் தையல்காரருக்குச் சின்ன வேலை. தோளைச் சரிசெய்வது அப்படியில்லை, கையையே பிரித்தெடுத்து மறுபடி வைத்துத் தைக்க வேண்டும். (வேண்டுமென்றே தோள் இறங்கி வருவதுபோல் தைத்தவை வேறு கதை.) போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்றுவிட்டுக் கழற்றிவிடாதீர்கள். உட்காருங்கள், குனியுங்கள், மேல் தட்டிலிருந்து எதையோ எடுப்பதுபோல் கையைத் தூக்குங்கள். மார்புப் பட்டன்களுக்கு நடுவே சட்டை வாய் பிளக்கிறதா, பேன்ட் பின்னால் இறங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். 'கொஞ்சம் மெலிந்ததும் போட்டுக்கொள்ளலாம்' என்று வாங்கியவை என்னிடமும் இரண்டு இருக்கின்றன. நான்தான் இன்னும் மெலியவில்லை.

துணி விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். பருத்தி சுருங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. 70 செ.மீ. நீளமுள்ள டி-ஷர்ட் 5 சதவீதம் சுருங்கினால் மூன்றரை செ.மீ. போய்விடும். வாங்கிய அன்று இடுப்பில் கச்சிதமாக நின்றது, முதல் சலவைக்குப் பிறகு குனிந்தால் முதுகைக் காட்டும். சட்டைத் துணி போன்ற நெய்த துணிகளை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கும் முறை 1930 வாக்கிலேயே வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்த சான்ஃபோர்டு க்ளூயெட்டின் பெயரால் அதை சான்ஃபரைசிங் என்கிறார்கள். டி-ஷர்ட் பின்னல் துணி, அதில் சுருக்கம் பொதுவாகவே கூடுதல். அதனால் இரண்டு விரல் அகலமாவது நீளம் கூடுதலாக இருப்பதை எடுங்கள்.

டி-ஷர்ட்டைத் தோளோடு தோள் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். பக்கத் தையல் அக்குளிலிருந்து நேராகக் கீழே இறங்க வேண்டும். இப்போதே முன்பக்கம் சாய்ந்து வந்தால், துவைத்த பிறகு தொப்புள் பக்கம் வந்து நிற்கும். நூலில் ஏற்றிய முறுக்கு தண்ணீரில் தளரும்போது துணியும் சேர்ந்து திருகிக்கொள்வதால் வரும் வினை அது. எடையையும் பாருங்கள். 140 ஜி.எஸ்.எம். என்றால் சதுர மீட்டருக்கு 140 கிராம், மெல்லிசு. தனியாகப் போட 180 பக்கம் இருந்தால் நல்லது. எண் போடவில்லையென்றால் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். விரல்களை எண்ண முடிந்தால் அது உள்ளே போடத்தான் ஆகும். வெள்ளைக்கு உள்ளே வெள்ளை போட்டால் தெரியாது என்று நினைப்பதும் தவறு. உங்கள் தோல் நிறத்தை ஒட்டிய உள்ளாடைதான் தெரியாது.

ஜீன்ஸில் ஒன்றிரண்டு சதவீதம் எலாஸ்டேன் (ரப்பர் போல் இழுபடும் இழை) இருந்தால் உட்கார எழ வசதி. அதை வெந்நீரிலும் டிரையரிலும் போட்டுக்கொண்டே இருந்தால் இழுவை செத்து, முட்டி பை மாதிரி தொங்கும்.

நிறத்தில் ஒன்றே ஒன்று. கடை வெளிச்சத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரே கறுப்பு என்று நான் வாங்கிய சட்டையும் பேன்ட்டும் வெயிலுக்கு வந்ததும் ஒன்று செம்மை ஓடிய கறுப்பாகவும் மற்றது நீலம் ஓடிய கறுப்பாகவும் நின்றன.

அப்புறம், பிடித்துவிட்டது என்று ஒரே டி-ஷர்ட்டை அரை டஜனாக வாங்குவது. முதலில் ஒன்று வாங்கி, நாலைந்து தடவை துவைத்துவிட்டு, கழுத்துப் பட்டி அலைபாயாமல் இருக்கிறதா, சாயம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். நான் பார்க்காமல் ஒரேயடியாக ஆறு வாங்கினேன். எங்கள் வீட்டில் இப்போது தூசி துடைக்கத் துணிக்குப் பஞ்சமே இல்லை.