மலையில் பழைய காருக்குப் பெயிண்ட்: எதை வாங்குவது, கிளியர் தேவையா?

குன்னூரில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கும் ஃபியட் 1100 அப்பா காலத்து வண்டி. ஒரு அக்டோபரில் அதன் பானெட்டுக்கு நானே டூக்கோ, அதாவது தின்னர் ஆவியாகியே காய்கிற பழைய வகைப் பெயிண்ட், அடித்தேன். அடித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மேகம் இறங்கியது, சாம்பல் நிறம் கண்ணெதிரே பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. கோயம்புத்தூர் வெயிலில் நன்றாக வருகிற பெயிண்ட் இங்கே அப்படியே வராது. அதனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் முதல்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில், வண்டியில் இப்போது இருப்பது என்ன பெயிண்ட் என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து, கண்ணில் படாத ஓரிடத்தில் ஒரு நிமிடம் வைத்துத் தேய்க்கவும். நிறம் கரைந்து துணியில் வந்தால் அது டூக்கோ, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் (என்சி) லாக்கர். சுருங்கிக் கொப்பளித்தால் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பெரும்பாலும் 2கே, அதாவது பெயிண்டோடு அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் கலந்து அடிக்கும் இரு பாகப் பெயிண்ட். எனாமல் மேல் டூக்கோ அடித்தால் அடியில் இருப்பது சுருண்டு எழும்பும், எனவே அதைச் சுரண்டி எடுத்துவிடுவதே நல்லது.

அடுத்து நிறம். வெளியில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், அது வெளிறிப்போனது. டிக்கி விரிப்புக்கு அடியிலோ கதவின் உள்பலகைக்குப் பின்னாலோ பழைய பெயிண்ட் பத்திரமாக இருக்கும். அங்கே கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட் (மேல் அழுக்கைத் தேய்த்தெடுக்கும் பசை) போட்டுத் தேய்த்த பிறகு கலர் மேட்ச் செய்யச் சொல்லுங்கள். ஒரு தகட்டுத் துண்டில் அடித்து, வெயிலிலும் பாருங்கள், மேகம் மூடிய நேரத்திலும் பாருங்கள், ஏனென்றால் இரண்டு வெளிச்சத்திலும் ஒரே நிறம் வேறு வேறாகத் தெரியும். நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் வந்த விதியும் வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது.

சரி, எந்தப் பெயிண்ட்? டூக்கோ அழகு, சீக்கிரம் காயும், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்துவிடும், காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படியும், வெளுப்பு வருவது அதனால்தான். குளிருக்கு வேகமான தின்னர் என்று பொதுவாகச் சொல்வார்கள். டூக்கோவுக்கு ஈரக்காற்றில் அது நேர் எதிர், மெதுவாக ஆவியாகிற தின்னரோ, ஆவியாவதைத் தாமதப்படுத்தக் கலக்கும் ரிட்டார்டரோதான் வேண்டும். எனாமல் விலை குறைவு, ஆனால் நம் குளிரில் நாள்கணக்கில் காயாமல் தூசியை வாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்வது 2கே பியூ (பாலியூரித்தேன்).

கிளியர், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு, தேவையா என்பதுதான் எல்லோரும் கேட்பது. மெட்டாலிக் நிறம் என்றால் கட்டாயம் வேண்டும், அடியில் நிறத்தைத் தரும் பேஸ் கோட் தனியாக நிற்காது. ஆனால் 1960-களின் ஃபியட்டோ அம்பாசிடரோ சாலிட் (மெட்டாலிக் மினுமினுப்பு இல்லாத) நிறத்தில் வந்தபோது மேலே கிளியர் கிடையாது. அதன் மேல் தடிமனாகக் கிளியர் ஏற்றினால் வண்டிக்குக் கண்ணாடித்தாள் சுற்றியது போல இருக்கும், எனக்கு அது மனசுக்கே ஒப்பவில்லை. சாலிட் நிறத்துக்குக் கிளியர் இல்லாத 2கே போதும். பாலிஷ் போடும்போது துணியில் நிறம் ஒட்டும், பயப்பட வேண்டாம், அதன் இயல்பே அதுதான்.

கிளியர் அடிப்பதென்றால் புற ஊதாக் கதிரைத் தாங்குகிற நல்ல கிளியராக வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். 1000 மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஊட்டி இருப்பதோ ஏறத்தாழ 2240 மீட்டரில். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நாம் நினைக்கிறோம், வெயில் பெயிண்டைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. இரண்டு முழு கோட், காய்ந்த பிறகு 50 மைக்ரான் அளவில் நிற்க வேண்டும். பேஸ், கிளியர், ஹார்ட்னர் எல்லாம் ஒரே கம்பெனியில் எடுங்கள்.

இனி நாள் பார்ப்பது. பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். தெர்மாமீட்டரும் ஈரப்பதமானியும் ஷெட்டில் இருக்கட்டும். காற்று 16 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் தகடு 13.5 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதில் பனித்துளி படியும். தகடு அதைவிட 3 டிகிரியாவது சூடாக, அதாவது 16.5-க்கு மேல் இருக்க வேண்டும். காற்றைவிடத் தகடு சூடாக இருக்க வேண்டும் என்றால் ஷெட்டை முன்கூட்டியே சூடேற்றுவதைத் தவிர வழியில்லை. மின்சார ஹீட்டர் போட்டு, அடிக்கும் முன் அணைத்துவிடுங்கள். கேஸ், மண்ணெண்ணெய் அடுப்பு கூடவே கூடாது, தீ அபாயம் ஒருபுறம், எரியும்போது ஈரத்தையும் சேர்த்து வெளிவிடும். 2கே-க்கு வேகமான ஹார்ட்னர் எடுங்கள், ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் டப்பாவில் போட்டிருப்பதைவிடக் கூடுதல் நேரம் விடுங்கள். கம்ப்ரஸர் டேங்கில் தேங்கும் தண்ணீரைக் காலையிலேயே இறக்கி, குழாயில் காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் வாட்டர் டிராப் மாட்டுங்கள்; ஹார்ட்னரில் ஈரம் பட்டால் வாயு கிளம்பிக் குமிழியும் ஊசித்துளையும் வரும்.

ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை கண்டுவிட்டால் பிறகு ஆயுசுக்கும் ஆஸ்துமா. துணி மாஸ்க் கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லையென்றால், மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறக்கி, பூத் (பெயிண்ட் அடிப்பதற்கென்றே உள்ள மூடிய அறை) வைத்திருக்கும் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள். எந்தப் பெயிண்ட், எந்தக் கிளியர் என்பதை மட்டும் நீங்களே சொல்லுங்கள்.

வண்டி வீடு வந்ததும் முதல் ஒரு மாதம் மெழுகு போட வேண்டாம். பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், ராத்திரிப் பனியின் ஈரம் அதற்குள் சிக்கிப் புதுப் பெயிண்டில் தடம் விட்டுவிடும். ஷெட்டுக்குள் சும்மா திறந்தபடி நிற்கட்டும்.