மைக்ரோவேவுக்குள் பொறி பறந்தது

போன மாதம் மீந்த சாம்பாரைச் சூடு பண்ண வைத்தேன். பத்து வினாடிகூட ஆகவில்லை, உள்ளே படபடவென்று பொறி பறந்தது. ஸ்பூனை உள்ளேயே விட்டுவிட்டேனோ என்றுதான் முதலில் சந்தேகம். இல்லை. ஓரத்தில் தங்கக்கோடு போட்ட கிண்ணமும் இல்லை, சாதாரணக் கண்ணாடிக் கிண்ணம்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வலது பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு தகடு இருக்குமே, அதன் மூலையில் மிளகு அளவு ஓட்டை, சுற்றிலும் கருகல். மைக்கா தகடு அது. மேக்னட்ரான் என்ற பாகம் உண்டாக்கும் அலை உள்ளே வரும் வழியை மூடியிருப்பது. தட்டு மூடாமல் சூடாக்கிய ஒவ்வொரு முறையும் தெறித்த எண்ணெய் அதில் ஒட்டிக் கரியாகியிருக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறிக்குக் காரணம் அதுதான்.

உதிரிபாகக் கடையில் மைக்கா ஷீட் வாங்கி, பழைய தகட்டை மேலே வைத்துக் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டினேன். ஓரம் உதிரும், அவசரப்படக் கூடாது. சுவர்ப் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டினேன். நல்லவேளை, சுவரில் பெயிண்ட் உரியவில்லை.

வெளிக்கூட்டைக் கழற்றவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர் உயிரை எடுக்கும் அளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது மெக்கானிக் வேலை.

அப்புறம் பீங்கான் கப்பில் தண்ணீர் வைத்து 1 நிமிடம் ஓட்டினேன், வெறுமனே ஓட்டக் கூடாது என்பதால். பொறியும் இல்லை, சத்தமும் இல்லை. இப்போதெல்லாம் சாம்பார் மேல் ஒரு கண்ணாடித் தட்டு, ஆவி போக ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி.