ஒட்டிக்கொண்ட பம்பு: நான்கு நாள் அலைச்சல்

நீரிழிவால் விறைப்பு போய், ஆணுறுப்பில் மூன்று பாக இம்ப்ளான்ட் பொருத்திக்கொண்டவன் நான். அடிவயிற்றில் உப்புநீர்ப் பை, உறுப்புக்குள் இரண்டு உருளைகள், விரைப்பையில், பையிலிருந்து உருளைகளுக்கு நீரை ஏற்றும் பம்பு. ஆறு வாரம் அதைத் தொடவே இல்லை. பிறகு அழுத்தியபோது பம்பின் குமிழ் குழிந்தது, மீண்டும் எழும்பவில்லை.

இன்னும் பலமாக அழுத்தினேன், வலிதான் மிச்சம். வெந்நீரில் உட்கார்ந்தேன். தோல் தளர்ந்து பம்பு நன்றாகப் பிடிபட்டது, குமிழ் அப்படியே. நீர் கசிந்துவிட்டது, மறுபடி கத்திதான் என்று நான்கு நாள் தூக்கம் கெட்டது.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். செவிலியர் கேட்ட முதல் கேள்வி, "பள்ளம் எந்தப் பக்கம்?" நான் அதைத் தடவிப் பார்த்ததே இல்லை. பள்ளத்தின் மேலேயே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்! அவர் சொன்னபடி, குமிழுக்கு மேலுள்ள கெட்டிப் பகுதியில் நீரை இறக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்திவிட்டு, பள்ளத்துக்குக் குறுக்கே, பக்கவாட்டில் குமிழை நெருக்கினேன். விரலுக்கடியில் 'டப்' என்று ஓர் உதறல். குமிழ் உருண்டு நிரம்பியது.

பழைய பம்புகளில் நீர் இறங்கும்வரை பொத்தானை விடாமல் பிடித்திருக்க வேண்டும்; இதில் சில விநாடி போதும். தானாக நீர் ஏறாதபடி தடுக்கும் வால்வும் உண்டு. முதல் அழுத்தம் முரண்டு பிடிப்பது அதனால்தான். இப்போது வாரம் ஒருமுறையாவது இயக்கிவிடுகிறேன்.