முதுகுப்பைப் பயணத்துக்குத் தலையணை: எடைக்கு முன் உயரத்தைப் பாருங்கள்

மூன்று தலையணைகளை வாங்கி மாற்றிய பிறகுதான் எனக்கு விஷயம் புலப்பட்டது. கூடாரத்தில் ஒவ்வொரு காலையும் கழுத்துப் பிடிப்புடன் எழுந்ததற்குத் தலையணையின் மென்மையோ கடினமோ காரணம் அன்று. அதன் உயரமே காரணம். அந்த உயரத்தையும் தலையணையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதற்குக் கீழே விரித்திருக்கும் மெத்தையோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆகவே, இந்த விளக்கத்தில் வாங்கும் பேச்சு நான்காம் படியில்தான் வரும். உறக்கப்பையும் மெத்தையும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். அவற்றை இன்னும் முடிவு செய்யாதவர்கள் தலையணையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவற்றை முடித்துக்கொள்வது நல்லது.

படி 1: படுக்கும் விதம்

மல்லாந்து உறங்குபவருக்குக் கழுத்தின் வளைவைத் தாங்கும் அளவுக்குச் சிறிது உயரம் போதும். ஒருக்களித்து உறங்குபவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள இடைவெளி முழுவதும் நிரம்ப வேண்டும். குப்புற உறங்குபவருக்கு மடித்த சட்டை ஒன்றே அதிகம். இரவில் புரண்டுகொண்டே இருப்பவர்கள் ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குரிய அளவையே எடுத்துக்கொள்ளலாம்; உயரம் கூடினால் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம், போதாத உயரத்தை நடு இரவில் கூட்டுவதுதான் தொல்லை.

படி 2: அளவெடுத்தல்

என்னை இடறிவிட்ட படி இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தலையணையைக் கடையின் தரையில் படுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். அங்கே அது மிகச் சரியாக இருந்தது. பயணத்தில் அதே தலையணையைத் தடிமனான காற்று மெத்தையின் மேல் வைத்துப் படுத்தபோது தலை மேல்நோக்கித் தள்ளப்பட்டு, கழுத்து ஒரு பக்கமாக ஒடிந்ததுபோல் இருந்தது. தலையணை மிகவும் கடினம் என்று தவறாக முடிவு செய்து, நுரைத் தலையணை ஒன்றை வாங்கினேன். அதிலும் அதே வலி. நடந்தது இவ்வளவுதான்: தரையில் படுக்கும்போது தோள் எங்கும் அமிழ்வதில்லை; காற்று மெத்தையில் உடலின் எடையைத் தாங்கும் தோள் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்கிறது; தலையோ எடை குறைவாக இருப்பதால் அவ்வளவு அமிழ்வதில்லை. தோள் இறங்கிய அளவுக்குத் தலையணையின் உயரமும் குறைந்தாக வேண்டும். மாறாக, 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரை விரிப்பில் உறங்கப் போகிறவர் வீட்டுக் கட்டிலின் மென்மையான மெத்தையில் அளவெடுத்தால், காட்டில் அவருடைய தலை தாழ்ந்து தொங்கும்.

சரியாக அளவெடுக்கும் முறை இது. பயணத்துக்குக் கொண்டுபோகும் மெத்தையையே தரையில் விரித்து, இரவில் எவ்வளவு காற்றுடன் உறங்குவீர்களோ அவ்வளவு காற்றை நிரப்புங்கள். மெத்தையில் காற்று கூடினால் தோள் குறைவாகவும், காற்று குறைந்தால் அதிகமாகவும் அமிழும் என்பதால் இதில் அலட்சியம் வேண்டாம். பிறகு ஒருக்களித்துப் படுத்து, மடித்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தலைக்குக் கீழே சேர்த்துக்கொண்டே வாருங்கள். மூக்கின் நுனியும் மார்பெலும்பின் நடுவும் ஒரே கோட்டில் வரும்போது நிறுத்துங்கள். இதை உங்களால் பார்க்க இயலாது. யாரையேனும் முதுகுப் பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கைப்பேசியைத் தரையில் சாய்த்துவைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். முதுகெலும்பின் கோடு கழுத்தில் மேலோ கீழோ வளையாமல் நேராகச் செல்ல வேண்டும். அப்படியே பத்து நிமிடம் படுத்திருங்கள்; முதல் நிமிடத்தில் சுகமாகத் தெரியும் உயரம் பத்தாவது நிமிடத்தில் தன் குணத்தைக் காட்டிவிடும்.

எழுந்தவுடன் துண்டுகளின் அடுக்கை அப்படியே அளந்துவிடாதீர்கள். தலை நீங்கியதும் அது உப்பிவிடும். வளர்ந்தவர் ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடை இருக்கும் என்பதால், அந்த எடையுள்ள ஏதாவது ஒரு பொருளை அடுக்கின் மேல் வைத்து, அழுந்திய நிலையில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தரையில் 13 சென்டிமீட்டர் வந்தது. என் காற்று மெத்தையின் மேல் 9 மட்டுமே. இந்த 4 சென்டிமீட்டருக்காக நான் இரண்டு தலையணைகளுக்குச் செலவழித்திருக்கிறேன்.

படி 3: வகையைத் தேர்ந்தெடுத்தல்

காற்றுத் தலையணைகள் ஏறத்தாழ 60 முதல் 110 கிராம் வரை இருக்கும். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். உயரத்தை விரும்பியபடி மாற்றலாம். இவற்றின் குறை, பந்தின் மேல் தலை வைத்ததுபோன்ற துள்ளல். நுரைத் துண்டுகள் அடைத்த தலையணைகள் வீட்டுத் தலையணைக்கு மிக நெருக்கமானவை; ஆனால் பெரும்பாலும் 200 கிராமுக்கு மேல் போகும், பையில் ஒரு சிறு பானையின் இடத்தை அடைத்துக்கொள்ளும், உயரத்தையும் மாற்ற முடியாது. காற்றுப் பையின் மேல் மெல்லிய நுரையோ செயற்கை இழையோ வைத்துத் தைத்த கலப்பு வகை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

நான்காவது வகை, உறக்கப்பையை அடைக்கும் உறைக்குள் ஆடைகளைத் திணித்துச் செய்யும் தலையணை. கூடுதல் எடை ஏதும் இல்லை என்பதால் பலரும் தொடக்கத்தில் இதையே பரிந்துரைக்கிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. குளிர் கூடும் இரவில் உடுத்த வேண்டிய ஆடையெல்லாம் உடம்பின் மேல் ஏறிவிடும். தலைக்குக் கீழே வெற்று உறைதான் மிஞ்சும். மழையில் நனைந்த நாளிலும் இதே கதிதான். இறகு அடைத்த ஜாக்கெட்டை வைத்தால் தலையின் பாரத்தில் இறகு இரு பக்கமும் ஒதுங்கி, நடுவில் வெறும் துணியே நிற்கும். ஃப்ளீஸ் சட்டை அப்படி ஒதுங்காது. அதைச் சுருட்டாமல் தட்டையாக மடித்து வைத்தால் ஓரளவு நிலையான உயரம் கிடைக்கும்.

இப்போது நான் பயன்படுத்துவது ஒரு சேர்க்கை: மிக இலேசான காற்றுத் தலையணையைப் பாதியளவு ஊதி, அதன் மேல் இருமடிப்பாக ஃப்ளீஸ் சட்டையை வைத்து, இரண்டையும் ஒரு பருத்திச் சட்டைக்குள் நுழைத்துவிடுகிறேன். துள்ளல் அடங்கிவிடுகிறது, பிளாஸ்டிக் சரசரப்பும் கேட்பதில்லை, கன்னத்தில் வியர்வை ஒட்டுவதும் இல்லை. ஃப்ளீஸை உடுத்த வேண்டிய குளிர் வந்தால், தலையணைக்குள் கூடுதலாக நான்கு மூச்சு ஊதினால் போதும்.

படி 4: வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வால்வைத்தான் முதலில் பாருங்கள். ஊதும்போது காற்று திரும்பி வராமல் தடுக்கும் மடல் உள்ளே இருக்க வேண்டும். அதே வால்வில் சிறிது சிறிதாகக் காற்றை வெளியேற்றவும் வழி இருக்க வேண்டும். திறந்தால் மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும் வால்வு உள்ள தலையணையை, அது எவ்வளவு இலேசாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். அடுத்தது வடிவம். நடுவில் குழிவும், தோளுக்காக ஒரு பக்கம் வளைவும் உள்ளவை தலையை நடுவிலேயே பிடித்து வைக்கின்றன. சீ டு சம்மிட் நிறுவனத்தின் ஏரோஸ் வரிசைத் தலையணைகளில் இந்த வளைவு இருக்கிறது. அதிகம் புரளாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

பொதியில் அச்சிட்டிருக்கும் உயரம் பாரமில்லாமல் முழுக்க ஊதிய நிலையில் எடுத்தது. நீங்கள் குறித்து வைத்திருக்கும் அளவோ அழுந்திய நிலையில் எடுத்தது. ஆகவே உங்கள் அளவைவிட 2 அல்லது 3 சென்டிமீட்டர் கூடுதலாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். எடையைச் சமையலறைத் தராசில் நீங்களே ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். குறிப்பிடப்படும் எடையில் உறையின் எடை சேராமலிருப்பதுண்டு.

படி 5: ஊதுவதும் குறைப்பதும்

புதியவர்கள் பெரும்பாலும் தலையணையைக் கல்லாகும் வரை ஊதிவிட்டு, வசதியாக இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முழுவதும் ஊதுவது சரிதான். ஆனால் அது தொடக்கம் மட்டுமே. ஊதியபின் கால் மணி நேரம் அதைக் கூடாரத்துக்குள் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஏறத்தாழ 35 டிகிரி வெப்பத்தில் வெளிவரும் மூச்சுக்காற்று 5 டிகிரிக்குக் குளிரும்போது அதன் கன அளவில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்; மூச்சிலுள்ள நீராவி துளிகளாகப் படிவதால் இன்னும் கொஞ்சம் குறையும். தலையணை தளர்ந்திருந்தால் மறுபடி ஊதி நிரப்புங்கள். பிறகு அதன் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, எழுந்திருக்காமலேயே, விரல் நுனியால் வால்வைத் தொட்டுத் தொட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். தலை மெல்ல இறங்கி, கழுத்தின் இறுக்கம் விடும் இடம் ஒன்று வரும். வீட்டில் துண்டுகளை வைத்து அளந்த உயரம் அதுவாகத்தான் இருக்கும்.

உட்கார்ந்துகொண்டு காற்றைக் குறைத்துவிட்டுப் பிறகு படுத்துப் பார்ப்பவர்களுக்கு இது ஒருபோதும் அமையாது. நானே ஒரு பயணம் முழுவதும் அப்படித்தான் போராடினேன்.

படி 6: நழுவாமல் நிறுத்துதல்

இலேசான தலையணைக்கு எடையும் இல்லை, பிடிப்பும் இல்லை. வழுவழுப்பான மெத்தையின் மேலிருந்து நள்ளிரவில் அது எங்காவது போய்விடும். உறக்கப்பைக்குத் தலைமூடி இருந்தால் தலையணையை அதற்குள் வைப்பது மிக எளிய வழி. ஆனால் ஒருக்களித்துப் படுப்பவர் உறக்கப்பையோடு சேர்ந்து புரளும்போது தலையணையும் சேர்ந்து சாய்ந்துவிடும். அவர்களுக்கு, மெல்லிய எலாஸ்டிக் கயிறு ஒன்றைத் தலையணையின் இரு முனைகளிலும் உள்ள காதுகளில் கோத்து, மெத்தையின் அடியில் சுற்றிக் கட்டுவதே சிறந்தது. மெத்தையில் வெல்க்ரோ துண்டுகளை ஒட்டிப் பிடிக்கவைக்கும் முறையும் உண்டு. மெத்தை அழுக்காக இருந்தால் அவை உரிந்து வந்துவிடுகின்றன என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஒரு பழைய பனியனை மெத்தையின் தலைமாட்டுக்கு உறைபோல மாட்டி, அதற்குள் தலையணையைச் செருகுவதும் நன்றாகவே வேலை செய்கிறது.

புறப்படுமுன் குறைந்தது இரண்டு இரவுகள் வீட்டுத் தரையில் இந்த ஏற்பாட்டுடனேயே உறங்கிப் பாருங்கள்.

பின்சேர்க்கை

இதை முதலில் எழுதியபோது விட்டுப்போனவற்றை, படித்தவர்கள் கேட்ட பிறகு சேர்க்கிறேன். விடியற்காலையில் தலையணை தளர்ந்துபோகிறது, ஓட்டையாக இருக்குமோ என்று சிலர் கேட்டிருந்தனர். குளிரால் சுருங்கியதா, கசிகிறதா என்பதை வீட்டில்தான் உறுதிசெய்ய முடியும்: வெப்பம் அதிகம் மாறாத அறையில் அதை ஊதி, புத்தகங்களை மேலே அடுக்கி ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் புத்தகங்கள் இறங்கியிருந்தால் கசிவுதான். சோப்பு நீரைத் தையல் ஓரங்களிலும் வால்வைச் சுற்றியும் தடவினால் குமிழ்கள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வால்வு கசிந்தால் ஒட்டுப் போடுவதற்கு முன் அதன் மடலில் மணலோ தலைமுடியோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்; ஒருமுறை எனக்கு ஒரே ஒரு முடிதான் இரவெல்லாம் வேலை வைத்தது.

மலையில் உயர ஏறும்போது தலையணையை ஊதிய நிலையிலேயே பையில் கட்டித் தூக்கிச் செல்லலாமா என்பது இன்னொரு கேள்வி. வேண்டாம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தையலை இழுக்கும். முட்களும் கிளைகளும் வேறு இருக்கின்றன. தங்குமிடத்தில் ஊதுங்கள், புறப்படும்போது வெறுமையாக்குங்கள்.

உள்ளே ஈரம் படிந்து வாடை வருகிறது என்றவர்களுக்கு: வீடு திரும்பியதும் வால்வைத் திறந்து, நிழலில் தொங்கவிட்டு, இரண்டு மூன்று முறை வெளிக்காற்றைப் பிசைந்து ஏற்றி இறக்குங்கள். மெத்தையை நிரப்பும் பம்புப் பை உங்களிடம் இருந்து, அதன் முனை தலையணையின் வால்வுக்கும் பொருந்துமானால், வாயால் ஊதுவதையே விட்டுவிடலாம். காயவைத்த பிறகு இறுக்கிச் சுருட்டாமல், வால்வைத் திறந்தபடியே தளர்வாக மடித்து வையுங்கள்.