வாடிய புங்கங்கன்று துளிர்த்தது எப்படி?

பாலக்கோட்டில் நாங்கள் குடிவந்த வீட்டு வாசலில் ஏற்கெனவே இரண்டு புங்கங்கன்றுகள் நின்றன. ஒன்று மதமதவென்று வளர, மற்றது இலை பழுத்துச் சோர்ந்தது. தொட்டால் ஆடியது. தண்ணீருக்கும் தொழுவுரத்துக்கும் அசையவில்லை.

நன்றாக நட்ட மரத்தின் அடித்தண்டு, வேர் பிரியும் இடத்தில் சற்று அகன்று மண்ணுக்கு மேலே தெரியும். இதிலோ தண்டு அப்படியே நேராக இறங்கியது. களைக்கொத்தால் மெல்லப் பறித்தேன். நாலு விரற்கடை ஆழம்வரை பட்டை ஈரத்தில் கறுத்திருந்தது. அதற்குக் கீழே, கிழிக்காத கறுப்பு பாலித்தீன் பை! வேர்கள் வெளியேற வழியின்றி உள்ளேயே சுருண்டு கிடந்தன. பாவம், அது எப்படி வளரும்?

புரட்டாசி மழையில் மண் இளகியதும் கன்றைத் தூக்கி, பையை அகற்றி, வட்டமாகச் சுற்றிய வேர்களைக் கத்தரித்தேன். குழியை ஆழமாக்காமல் அகலமாக்கினேன். காய்ந்தால் இறுகிப்போகும் எங்கள் செம்மண்ணில் வேர் பக்கவாட்டில் ஓட அதுதான் முக்கியம். தோண்டிய மண்ணையே போட்டு மூடி, அடித்தண்டு தெரியும்படி நிறுத்தினேன். காய்ந்த மாவிலையைத் தண்டை ஒட்டாமல் பரப்பினேன். காற்றுக்குக் கொஞ்சம் ஆட இடம்விட்டு, பழைய சேலைத்துணியால் கொம்பில் கட்டினேன்.

பங்குனியில் பளபளவென்று துளிர்த்தது. இப்போது கொம்பையும் எடுத்துவிட்டேன்.