காட்பாடியிலிருந்து ஐஸ்லாந்துக்கு: ஆறு நாள் குதிரைச் சவாரிக்குத் தயாராவது எப்படி?

ஜூலையில் ஐஸ்லாந்தின் கியோலூர் பாதையில் ஆறு நாள் குதிரையிலேயே போய்வந்தேன். லாங்யோகுல், ஹோஃப்ஸ்யோகுல் என்ற இரண்டு பெரிய பனிப்பரப்புகளுக்கு நடுவே போகும் பழைய வழி அது. ஒரு நாளைக்கு 30, 40 கிலோமீட்டர். திரும்பி வந்ததிலிருந்து நம்ம பக்கத்துப் பசங்க நிறைய பேர் விசாரிக்கிறார்கள். நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: உடம்பு

குதிரையேறத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாதவர்கள் முதலில் ஆறு மாதமாவது கற்றுக்கொள்ளுங்கள். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஓர் அண்ணனிடம்தான் நான் பழகினேன். விடியற்காலையில் பாலாற்று மணலுக்குப் போவோம். "மணல்ல வெரட்டாத தம்பி, கால் நரம்பு பூடும்" என்பார். மணலில் நடை மட்டும்தான். ஓட்டமெல்லாம் கரையோர மண்பாதையில். தொடர்ந்து நான்கு மணி நேரம் சேணத்தில் உட்கார்ந்தும் மறுநாள் மாடிப்படி ஏற முடிகிறது என்றால் நீங்கள் தயார்.

ஜீன்ஸ் போடாதீர்கள். அதன் உள்தையல் தொடையைக் கிழித்துவிடும். தையல் உறுத்தாத சவாரிக் கால்சட்டைதான் என் தேர்வு.

படி 2: காகிதங்கள்

ஐஸ்லாந்துக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாவுக்கு அது போதும், உங்களுக்குப் போதாது. பல பாலிசிகள் குதிரைச் சவாரியைச் சேர்ப்பதில்லை. சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: சுத்தம் (இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்)

ஆம்பூரில் தோல் வேலை செய்யும் என் மாமா ஆட்டுத்தோலில் ஒரு கையுறை தைத்துக் கொடுத்தார். கட்டைவிரல் பக்கம் இரட்டைத் தையல், உள்ளங்கையில் கூடுதலாக ஒரு துண்டு. மூன்று மாதம் பாலாற்றில் அதைப் போட்டுத்தான் கடிவாளம் பிடித்தேன். கெப்லாவிக் விமான நிலையத்தில் சுங்கத்தில் பொருளை அறிவிப்பவர்கள் போகும் சிவப்பு வழியில் போய் நானே எடுத்துக் காட்டினேன். அங்கிருந்த சுங்க அதிகாரி அம்மா கையுறையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு "குதிரை" என்றார், தலையசைத்தார். கையுறை அதோடு போயிற்று, திரும்பத் தரவில்லை.

அவர் செய்தது சரி. ஐஸ்லாந்தில் குதிரை இறக்குமதிக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளாகத் தடை இருக்கிறது. அத்தனை காலம் தனித்து வாழ்ந்ததால் வெளிநாட்டு நோய்கள் பலவற்றுக்கு அந்தக் குதிரைகளின் உடம்பில் எதிர்ப்பே கிடையாது. 2010இல் வெளியிலிருந்து வந்த ஒரு சுவாசத் தொற்று நாடு முழுக்கப் பரவியது. குதிரை ஏற்றுமதி நின்றுபோனது. லாண்ட்ஸ்மோட் என்ற அவர்களின் தேசிய குதிரைத் திருவிழாவையே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். அப்படியொரு நோயை நம் கையுறையில் சுமந்து போகலாமா?

அதனால்:

பயன்படுத்திய சேணம், கடிவாளம், சாட்டை, தோல் கையுறை எதையும் எடுத்துப்போகவே கூடாது. கழுவியிருந்தாலும் கூடாது. பயன்படுத்தாத புதுசு என்றால் தடையில்லை. தைக்கக் கொடுக்கும்போதே இரண்டு ஜோடி சொல்லுங்கள். ஒன்றைப் பிரிக்காமல் வையுங்கள்.

சவாரித் துணிகளைச் சோப்புப்பொடி போட்டு 40 டிகிரிக்குக் குறையாத சூட்டில் மெஷினில் துவைத்து, நன்றாகக் காயவையுங்கள். மே மாதத்து மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் போதுமே என்று இருந்துவிடாதீர்கள், ஹீட்டர் உள்ள மெஷினில்தான் போட வேண்டும்.

ஷூவில்தான் எல்லோரும் ஏமாறுவோம். மேலே பளபளவென்று துடைத்துவிட்டு அடியைத் திருப்பிப் பார்க்கமாட்டோம். என் ஷூவின் அடிப்பள்ளங்களில் பாலாற்று மணலும் காய்ந்த சாணமும் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தன. பிரஷ் நுழையவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, தென்னை ஈர்க்குச்சியால் ஒவ்வொரு பள்ளமாக நோண்டி எடுத்தேன். பிறகு சோப்பு போட்டுக் கழுவி, முழுக்கக் காய்ந்த பின் கிருமிநாசினி தெளிக்க வேண்டும். ஈரத்தோடு தெளித்தால் மருந்து நீர்த்துவிடும்.

படி 4: பயணம்

காட்பாடியில் ரயிலேறி சென்னை, அங்கிருந்து ஐரோப்பாவில் ஒரு நகரில் விமானம் மாறி கெப்லாவிக். ஷெங்கன் நாட்டு நகரத்தில் மாறுவதுதான் எளிது. லண்டன் என்றால் பிரிட்டனின் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். பால், இறைச்சிப் பொருள்களுக்கு அனுமதியில்லை. நான் பருப்புப்பொடி மட்டும் எடுத்துப்போனேன், அங்கே கிடைக்கும் வெண்ணெயோடு சோற்றில் பிசைந்தால் அமிர்தம்.

படி 5: குதிரை மேல்

ஐஸ்லாந்துக் குதிரை உருவத்தில் சிறியது, ஆனால் ஆளைச் சுமப்பதில் பலசாலி. நடை, ஓட்டம் தவிர டோல்ட் என்று ஒரு நடை அதற்கு உண்டு. நான்கு கால்களும் ஒவ்வொன்றாக, சீராக விழும். அதில் எழுந்து எழுந்து உட்காராதீர்கள், இடுப்பைத் தளர்த்தி அமைதியாக உட்காருங்கள். மாற்றுக் குதிரைகள் மந்தையாகச் சேணமில்லாமல் கூடவே ஓடிவரும். வழியில் குதிரை மாற்றிக்கொள்வோம். ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும். எதிர்க்கரையில் ஒரு கல்லைக் குறிவைத்துப் பாருங்கள், மற்றதைக் குதிரை பார்த்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்டிருந்தார். பழைய ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள் அம்மா. சவாரி நடத்துபவர்கள் பெரும்பாலும் ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் அவர்களே தருவார்கள். பதிவு செய்யும்போது தலையளவைச் சொல்லிவிடுங்கள்.

சொந்தக் குதிரையைக் கொண்டுபோக முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். முடியாது. அங்கே பிறந்த குதிரைகூட ஒரு தடவை தீவை விட்டு வெளியேறிவிட்டால் திரும்பி வர அனுமதி கிடையாது.