பக்கம் திறக்கிறது, படம் மட்டும் ஏறவில்லையா? பிங்கை வைத்தே கண்டுபிடிக்கலாம்

போன மாதம் அக்கா வீட்டில் புது ரூட்டர் மாட்டினோம். தளங்கள் திறந்தன, வீடியோ ஓடியது, ஆனால் அக்கா மகள் கல்லூரி விண்ணப்பத்தில் புகைப்படத்தை ஏற்றப்போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போன் டேட்டாவில் அதே படம் உடனே ஏறிவிட்டது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பிடித்ததை அப்படியே எழுதுகிறேன். விண்டோஸ் கணினிதான். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், கமாண்ட் ப்ராம்ப்டில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

முதல் வேலை ஐபிகான்ஃபிக். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை, கேபிளையும் வைஃபையையும் பாருங்கள். சரியாக இருந்தால், டிஃபால்ட் கேட்வே (அதாவது உங்கள் ரூட்டர்) என்று காட்டும் எண்ணுக்கு ஒரு பிங், அதாவது சின்னத் தகவல் அனுப்பி பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. அப்புறம் இணையத்தில் உள்ள ஒரு பொது சர்வருக்கு, பிங் 1.1.1.1. இரண்டும் பதில் தந்து, தளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் ஹோஸ்ட் கிடைக்கவில்லை என்று வந்தால் அது தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் கோளாறு, என்எஸ்லுக்அப் போட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

அக்கா வீட்டில் இவை எல்லாமே சரியாக இருந்தன. ஒரு பாக்கெட்கூட, அதாவது இணையத்தில் போகும் தகவல் பொட்டலம் ஒன்றுகூடத் தொலையவில்லை. அதனால்தான் முதல் நாள் முழுக்கப் பிரவுசரையும் ஆன்டிவைரஸையும் குடைந்துகொண்டிருந்தேன்.

விண்டோஸ் பிங் அனுப்புவது வெறும் 32 பைட். சின்ன உறை எந்தச் சந்திலும் நுழைந்துவிடும், படம் ஏற்றும்போதுதான் முழு அளவுப் பாக்கெட் போகிறது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் அதற்குள்ளேயே 8 பைட் போய்விடுவதால் மிஞ்சுவது 1492. இந்த உச்ச அளவுக்கு எம்டியூ என்று பெயர். ரூட்டரில் அது 1500 என்றே இருந்தால் பெரிய பாக்கெட்டுகள் வழியில் காணாமல் போகலாம்.

இதைச் சோதிக்க:

பிங் -எஃப் -எல் 1472 1.1.1.1

எஃப் என்றால் பாக்கெட்டை உடைக்காதே, எல் என்றால் அளவு. 1500 போடாமல் 1472 போடுவதற்குக் காரணம், பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் முகவரித் தகவலான ஐபி தலைப்பு 20 பைட், பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி முறையின் தலைப்பு 8 பைட், ஆக 28 தானாகச் சேரும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பாக்கெட் பெரிது, உடைக்க வேண்டும் என்ற செய்தி வரும் என்று படித்திருந்தேன். எனக்கு வந்ததோ ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட், நான்கு முறையும். நெட் போய்விட்டது என்று நினைத்து ரூட்டரை அணைத்துப் போட்டேன். உண்மையில் அந்த மௌனமும் அதே பதில்தான்: வழியில் உள்ள கருவி சொல்லாமல் கொள்ளாமல் பாக்கெட்டைப் போட்டுவிடுகிறது. சாதாரண பிங் வந்து, பெரிய பிங் மட்டும் டைம் அவுட் ஆனால் எம்டியூவைச் சந்தேகியுங்கள்.

அப்புறம் பாதி பாதியாகத் தேடுங்கள். 1400 வந்தது, 1436 வந்தது, 1454 வந்தது, 1463 வந்தது, 1468 வரவில்லை, 1465 வரவில்லை, 1464 வந்தது. 1464 உடன் 28 கூட்டினால் 1492. ரூட்டர் அமைப்புகளில் வான் (டபிள்யூ-ஏ-என், வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் எம்டியூவை 1492 ஆக்கிச் சேமித்தோம், படம் ஏறிவிட்டது. கணினியிலேயே மாற்றவும் வழி உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் உள்ள போன்கள் எல்லாம் அப்படியே தவிக்கும். ஸ்பீட் டெஸ்ட் ஆப்களை நம்பியும் உட்காராதீர்கள், அவை வேகத்தைத்தான் சொல்லும், எந்த அளவில் பாக்கெட் விழுகிறது என்று சொல்லாது.

சேர்க்கை: பேட் ஆப்ஷன் என்று வருவதாக இருவர் கேட்டிருந்தார்கள். எல் என்ற எழுத்துக்குப் பதில் ஒன்று என்ற எண்ணை அடித்திருப்பீர்கள், திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

இன்னொரு சேர்க்கை: விபிஎன் ஓடினால் அணைத்துவிட்டு அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் எண் குறைவாகக் காட்டும். லினக்ஸில் மேலே உள்ள கட்டளையை அப்படியே போட வேண்டாம், அங்கே -எஃப் என்றால் பாக்கெட்டுகளை மழையாகக் கொட்டுவது. பிங் -எம் டூ -எஸ் 1472 1.1.1.1 என்று போடுங்கள், அந்த எம் மட்டும் பெரிய எழுத்து, டூ என்பது எண் இல்லை, டி, ஓ என்ற இரண்டு எழுத்து.